அளந்து வைத்த ஊர்

இத்தாலியில் இருவர் - 6

பொலோன்யா நகரின் வர்த்தக சபை ஒரு தங்க நாடாவைப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கிறது. தாலியாத்தெல்லே என்ற பாஸ்தாவின் அசல் அளவு அது. வெந்து தட்டுக்கு வரும்போது அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972 ஏப்ரல் 16-ஆம் தேதி முறைப்படி பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் கணக்கு இன்னும் வேடிக்கை. ஊர் நடுவில் நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்காம்!

இதை எங்கோ படித்த நாள் முதல் என் கணவருக்குப் பொலோன்யா பைத்தியம். பொதுப்பணித் துறையில் எம்-புக் (வேலை அளவுகளைப் பதியும் புத்தகம்) எழுதியே தலை நரைத்த மனுஷர். பாஸ்தாவுக்கே எம்-புக் போட்ட ஊரைப் பார்க்காமல் விடுவாரா? ரோமும் ஃப்ளாரன்ஸும் என் பட்டியல். பொலோன்யா இவர் சேர்த்தது.

ஃப்ளாரன்ஸில் அதிவேக ரயில் ஏறினால் நாற்பது நிமிடத்துக்குள் பொலோன்யா. அப்பெனைன் மலையைக் குடைந்த சுரங்கங்களிலேயே பெரும்பாலும் ஓடுகிறது. ஜன்னல் சீட்டுக்காக நான் போட்ட சண்டை வீண். இறங்கும் பிளாட்பாரமும் பூமிக்கு அடியில்தான்.

எஸ்கலேட்டர் மாறி மாறி ஏறி வெளியே வந்தால், நிலையத்தின் சுவர்க் கடிகாரம் ஒன்று 10.25-இல் நிற்கிறது. 1980 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை, விடுமுறைக் கூட்டம் நிரம்பியிருந்த இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில், தீவிர வலதுசாரிகள் வைத்த குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். வெடித்த நேரத்திலேயே முள்ளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த அறை இன்றும் பயணிகளுக்கான அறைதான். பிளந்த சுவரை முழுக்கப் பூசி மறைக்காமல் கண்ணாடி போட்டு விட்டுவைத்திருக்கிறார்கள். இறந்தவர்களின் பெயரும் வயதும் கல்லில் இருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் பெயரும் அதில் உண்டு. பெட்டியோடு அவசரமாக நுழைகிறவர்கள்கூட அந்தக் கல்லின் முன் ஒரு நொடி நிதானிக்கிறார்கள்.

வெளியே தூறல். இன்டிபென்டென்சா வீதியில் ஊர் நடுவுக்கு நடந்தோம். குடையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இங்கே கடைகளுக்கும் வீடுகளுக்கும் முன்னால், தூண்கள் தாங்கும் மாடிக்கு அடியில் நடைபாதை ஓடுகிறது. போர்ட்டிகோ என்கிறார்கள். ஊர் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்று அறிவித்தது.

போர்ட்டிகோ வந்த கதை சுவையானது. பொலோன்யா பல்கலைக்கழகம் 1088-இல் தொடங்கியதாகக் கணக்கு, ஐரோப்பாவிலேயே மூத்தது. மாணவர்கள் குவியக் குவிய வாடகை அறைக்குத் தட்டுப்பாடு. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி, கீழே மரத்தூண் முட்டுக் கொடுத்தார்கள். வேறு ஊராயிருந்தால் ஆக்கிரமிப்பு என்று இடித்திருப்பார்கள். பொலோன்யா 1288-இல் சட்டம் போட்டு அதைக் கட்டாயமாக்கியது. புது வீடு கட்டினால் போர்ட்டிகோ இருக்க வேண்டும். கட்டுகிற செலவும் பராமரிப்பும் வீட்டுக்காரர் தலையில். நடக்கிற உரிமை ஊருக்கு. உயரம் குறைந்தது 7 பொலோன்யா அடி, அதாவது 2.66 மீட்டர். குதிரை மேல் வருகிறவருக்குத் தலை இடிக்கக் கூடாதே! 1568-இல் மரத்தூண்களை எடுத்துவிட்டுக் கல்லோ செங்கல்லோ வைக்கச் சொல்லி இன்னொரு உத்தரவு. அதற்குத் தப்பிய மரத்தூண்களை மாஜியோரே சாலையில் இசோலானி மாளிகையின் முன் இன்றும் பார்க்கலாம். ஓங்கிய ஓக் மரங்கள். வயது எழுநூறுக்கு மேல்.

எனக்கு எங்கள் ஊர்த் திண்ணை ஞாபகம் வந்தது. அதுவும் வீட்டுக்காரர் சொத்து, வழிப்போக்கருக்கு நிழல். ஆனால் திண்ணை தயவில் நின்றது. தயவு தீர்ந்தபோது கம்பிக் கதவு போட்டு அடைத்தோம், கேட்பார் இல்லை. போர்ட்டிகோவை அப்படி அடைக்க முடியாது. எழுநூறு வருஷத்துக்கு முன்பே எழுத்தில் ஏறிவிட்டது.

மாஜியோரே சதுக்கம் ஊரின் முற்றம். அங்கே நகராட்சி மாளிகையின் வெளிச்சுவரில், ஆள் உயரத்தில், பழைய பொலோன்யா அளவைகளைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறார்கள். அடி, கோல் எல்லாம் இருக்கின்றன. செங்கல்லும் கூரை ஓடும் என்ன அளவில் இருக்க வேண்டும் என்பதற்கான வடிவங்களும் இருக்கின்றன. சந்தையில் துணியோ செங்கல்லோ வாங்கினவனுக்குச் சந்தேகம் வந்தால் இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இவர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். "நீங்க இத்தாலிக்கும் டேப் கொண்டு வந்தீங்களா?" என்றேன். பதில் இல்லை. "முப்பத்தெட்டு. ஒரு அடி முப்பத்தெட்டு சென்டிமீட்டர். ஏழு அடின்னா ரெண்டு அறுபத்தாறு. சரியா வருது பாரு" என்றார், அந்தச் சட்டத்துக்கு இவரே எஸ்டிமேட் போட்டவர்போல.

சதுக்கத்தின் மறுபுறம் பொதெஸ்தா மாளிகைக்கு அடியில் வளைவுக் கூரை போட்ட ஒரு சந்திப்பு. எதிரெதிர் மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முணுமுணுத்தால், குரல் கூரை வழியே ஊர்ந்துபோய் மறு மூலையில் தெளிவாகக் கேட்கும். தொழுநோயாளிகளின் பாவமன்னிப்பைப் பாதிரிகள் எட்ட நின்று கேட்க இது உதவியது என்று சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நாங்களும் நின்றோம். "ஏங்க, கேக்குதா?" என்றேன் சுவரிடம். "முப்பது வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றது சுவர்.

பக்கத்தில் நெப்டியூன் நீரூற்று, ஜாம்போலோன்யா என்ற சிற்பி 1560-களில் வார்த்தது. நெப்டியூன் கையிலிருக்கும் திரிசூலம்தான் மசராட்டி காரின் சின்னமாயிற்று. அந்தக் கம்பெனி 1914-இல் பிறந்தது இந்த ஊரில்தான்.

மறுநாள் வெயில் அடித்தது. சான் பெத்ரோனியோ தேவாலயத்துக்கு வெயில் நாளில்தான் போக வேண்டும். 1390-இல் தொடங்கிய கட்டடம்; முகப்பில் கீழ்ப்பாதிக்குப் பளிங்கு, மேல்பாதி இன்னும் வெறும் செங்கல். ரோமின் புனித பேதுரு ஆலயத்தை மிஞ்சிவிடுமோ என்று போப் தடுத்துவிட்டார் என்பது ஊர்ப் பேச்சு.

நான் பார்க்க வந்தது தரையை. 1655-இல் காசினி என்ற வானியலாளர் (சனிக்கிரக வளையத்தின் இடைவெளிக்குப் பெயர் தந்தவர்) இங்கே ஒரு உச்சிக்கோடு பதித்தார். கூரையில் 27 மீட்டர் உயரத்தில் சின்னத் துளை. அதன் வழியே விழும் சூரிய வட்டம், உச்சி வேளையில் தரையிலுள்ள பித்தளைக் கோட்டைக் கடக்கும். கோட்டின் நீளம் ஏறத்தாழ 67 மீட்டர். பூமியின் சுற்றளவில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. ஈஸ்டர் தேதியைச் சரியாகக் கணிக்கச் சம இரவு நாள் துல்லியமாகத் தெரிய வேண்டும், அதற்காகக் கோயிலுக்குள் ஒரு வானியல் கருவி.

அக்டோபரில் அங்கே உச்சி என்பது கடிகாரத்தில் ஒரு மணியை ஒட்டி. பதினைந்து பேர் போலக் கோட்டின் இரு பக்கமும் நின்றோம். நீள்வட்ட ஒளி பளிங்குத் தரையில் ஊர்ந்து வந்தது. சும்மா பார்த்தால் அசையாததுபோல் இருக்கும். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். கோட்டின் ஓரத்தில் பன்னிரண்டு ராசிகளும் பொறித்திருக்கின்றன. அவர்களுக்குத் துலாம் செப்டம்பர் 23 வாக்கிலேயே பிறந்துவிடுகிறது. நம் ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அவர்கள் சம இரவு நாளிலிருந்து எண்ணுகிறார்கள், நாம் நட்சத்திரத்திலிருந்து. ஒளி பித்தளையைத் தொட்டபோது ஒரு சிறுவன் கை தட்டினான். காவலர் "உஷ்" என்றார், சிரித்துக்கொண்டே.

கோபுரங்களில் ஏற முடியவில்லை. அசினெல்லி 97 மீட்டர், 498 படி. பக்கத்துக் கரிசெந்தா 48 மீட்டர். சாய்வு பைசாவுக்குச் சளைத்ததல்ல. கவிஞர் தாந்தேயின் நரக காண்டத்திலேயே அது இடம்பெற்றிருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகு, விழுந்துவிடுமென்று பயந்து 14-ஆம் நூற்றாண்டில் உச்சியை இடித்துக் குட்டையாக்கினார்கள். 2023 அக்டோபரில் அளவுக் கருவிகள் மறுபடி எச்சரிக்க, சுற்றிலும் இரும்புத் தடுப்பு வைத்துவிட்டார்கள். பைசாவைக் காப்பாற்றப் பயன்பட்ட கருவிகளையே இங்கும் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். இவர் தடுப்புக்கு வெளியே நின்று அஸ்திவாரத்தைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தார். எனக்குப் பசி.

அதற்கு முன் ஒரே ஒரு இடம், அர்க்கிஜின்னாசியோ. 1563-இல் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டியது. சுவரெல்லாம் படித்துப்போன மாணவர்களின் குடும்பச் சின்னங்கள். மாடியில் 1637-இன் உடற்கூறு அரங்கு. முழுக்க மரம், நடுவில் பளிங்கு மேஜை, சுற்றிலும் படிப்படியாகப் பெஞ்சுகள், ஆசிரியர் ஆசனத்தின் இரு பக்கமும் தோலுரித்த மனித உருவங்கள். 1944 ஜனவரியில் குண்டு விழுந்து சிதறியதை, இடிபாட்டிலிருந்து பொறுக்கிய துண்டுகளைச் சேர்த்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

இந்தப் பல்கலைக்கழகம் 1732-இல் லௌரா பாஸி என்ற பெண்ணுக்குப் பட்டமும் கொடுத்துச் சம்பளத்தோடு ஆசிரியப் பதவியும் கொடுத்தது. பொதுவில் பாடம் நடத்த அவருக்குக் கட்டுப்பாடுகள் இருந்ததால், கணவர் வெராத்தியோடு சேர்ந்து வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1776-இல் பரிசோதனை இயற்பியல் பேராசிரியர் ஆனார். உதவியாளர் யார் தெரியுமா? கணவரேதான். இதை இவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

இனி சாப்பாடு. சதுக்கத்துக்குப் பின்னால் குவாத்ரிலாத்தெரோ என்ற சந்துக்கூட்டம், இடைக்காலத்திலிருந்தே சந்தை. இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய அகலம். கூரையிலிருந்து தொங்கும் பன்றித் தொடைகள், சக்கரம் சக்கரமாகச் சீஸ், பக்கத்திலேயே காளானும் கத்தரிக்காயும்.

எங்கள் வீட்டில் நான் சைவம், முட்டை உண்டு. இவர் ஊர் எல்லை தாண்டினால் கட்சி மாறுவார். இவருக்கு மொர்த்தாதெல்லா வாங்கினோம். பன்றி இறைச்சியை மாவாக அரைத்து, வெள்ளைக் கொழுப்புக் கட்டிகள் சேர்த்து, அடுப்பில் மணிக்கணக்காகப் பதமாக வேகவைத்த தலையணை அளவு உருளை. 1661-இலேயே கர்தினால் ஃபர்னேசே இதில் பன்றி தவிர வேறு இறைச்சி கலக்கக் கூடாது என்று ஆணை போட்டுவிட்டார். கடைக்காரர் இயந்திரத்தில் சீவச் சீவ, காகிதம்போல் மடிந்து விழுந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு 'ஒஸ்தெரியா தெல் சோலே' போனோம். 1465 முதல் இருக்கும் கடை. அங்கே சமையல் கிடையாது; குடிப்பதற்கு மட்டும்தான். சாப்பாட்டை நாமே கொண்டுபோய் அவர்கள் மேஜையில் விரித்துக்கொள்ளலாம். பேராசிரியர் தோரணையில் ஒரு கிழவர், சீட்டாடும் நாலு பேர், ஒரு மாணவர் பட்டாளம், நாங்கள். என் பங்கு ரொட்டி, தக்காளி, ஆலிவ்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஊரில் கறி கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இருக்கும். வெங்காயமும் தக்காளியும் மணிக்கணக்காக வதக்கிய ஃப்ரிஜோனே பார்க்க அப்பாவிபோல் இருக்கும். மரபுப்படி அதற்குப் பன்றிக் கொழுப்பு. பொரித்த கிரெசெந்தீனா ரொட்டியும் அப்படியே. பார்மிஜானோ சீஸில் பால் திரிக்கச் சேர்ப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை. ஒரு சக்கரத்துக்குச் சுமார் 550 லிட்டர் பால், குறைந்தது 12 மாதம் பதப்படுத்தல், எல்லாவற்றுக்கும் விதி உண்டு, உறைக்கும் உண்டு. (அந்தப் பாலைக் கறக்கும் தொழுவங்களில் இப்போது பஞ்சாபிக் குடும்பங்கள் பல. இந்தச் சமவெளியில் நோவெல்லாரா என்ற ஊரில் 2000-ஆம் ஆண்டு முதல் பெரிய குருத்வாராவே இருக்கிறது.) பார்மிஜானோவை நான் தொடவில்லை. ரிகோட்டா அப்படித் திரிந்த பாலில் மிஞ்சும் நீரைக் காய்ச்சி எடுப்பது. அதோடு என் விசாரணையை நிறுத்திக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பாஸ்தாக் கடை வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மாள். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் இல்லை. மஞ்சள் உருண்டையை அகலப் பலகையில் வைத்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளக் கட்டையால் தேய்க்கிறார். தேய்த்த தகட்டைக் கட்டையில் சுற்றி, உள்ளங்கைகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டி, கால் வட்டம் திருப்பி, மறுபடி விரிக்கிறார். தகடு பெருகிப் பலகை விளிம்புக்கு வெளியே தொங்கியது. தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் சான் லூக்கா குன்று தெரிய வேண்டும் என்பது இங்கத்துப் பதம். மடித்தார், கத்தி டக் டக்கென்று இறங்கியது, விரல்களை உள்ளே விட்டு உதறினார். நாடாக்கள் அவிழ்ந்து விழுந்தன.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போய், எட்டு மில்லிமீட்டரை எப்படி அளக்கிறீர்கள் என்று சைகையில் கேட்டார். கல்லாவிலிருந்த பெண் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார், அப்புறம் கையைக் காட்டினார், அப்புறம் 'நகருங்கள், வேலை கிடக்கிறது' என்பதையும் கையாலேயே காட்டினார்.

சாப்பாட்டுக் கடையில் இவருக்குத் தாலியாத்தெல்லே ராகூ. உலகம் 'ஸ்பகெட்டி போலோனீஸ்' என்று சொல்லும் பண்டத்தின் தாய்வீடு இது. இங்கே மரபான கடையில் ஸ்பகெட்டியோடு கேட்டால் கிடைக்காது. ராகூவின் செய்முறையும் வர்த்தக சபையில் பதிவு. 1982-இல் எழுதி 2023-இல் திருத்தினார்கள். மாட்டிறைச்சி, பன்றி வயிற்றுக்கறி, வெங்காயம், கேரட், செலரி, ஒயின், கொஞ்சம் தக்காளி. பூண்டு கூடாது, மசாலா கூடாது. வந்த தட்டு சிவப்பாக இல்லை, செம்பழுப்பு. சாறு தட்டில் ஓடவில்லை, நாடாவின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நின்றது. "காரம் இல்ல. ஆனா இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம்போல இருக்கு" என்றார் இவர். அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு இது.

எனக்கு ரிகோட்டா அடைத்த தொர்த்தெல்லோனி, வெண்ணெயும் சேஜ் இலையும். அதன் தங்கை தொர்த்தெல்லீனி, சுண்டு விரலில் சுற்றும் அளவு; அதற்குள் பன்றி, வெளியே கோழிச் சாறு, எனக்கு ஆகாது. சேஜ் இலையை வெண்ணெயில் மொறுமொறுப்பாகும் வரை விட்டிருந்தார்கள். கடித்தால் கற்பூரவல்லிக்கு உறவுக்காரி போன்ற மணம், பின்னாலேயே லேசான கசப்பு. கடைசியில் அரிசிக் கேக். அரிசியைப் பாலில் குழைய வேகவிட்டு, முட்டை, பாதாம், சர்க்கரையில் ஊறிய நாரத்தைத் தோல் சேர்த்துச் சுட்டு, சிறு சாய்சதுரமாக வெட்டியது. கோயில் திருவிழாவில் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்த பண்டமாம். இரண்டு துண்டு சாப்பிட்டேன். பில்லில் 'கோபெர்த்தோ' என்று தலைக்கு இவ்வளவு போட்டிருப்பார்கள். உட்கார்ந்ததற்கும் ரொட்டிக்குமான கட்டணம். ஏமாற்று இல்லை, மெனுவிலேயே எழுதியிருக்கும்.

கேக்கைச் செரிக்கச் சான் லூக்கா. சரகோஸா வாசலிலிருந்து குன்றின் உச்சி மாதா கோயில் வரை ஒரே போர்ட்டிகோ, சுமார் 3.8 கிலோமீட்டர், 666 வளைவு. 1433-இல் விடாமழையில் பயிர் அழுகியபோது மாதா படத்தை ஊருக்குள் இறக்கினார்கள், மழை நின்றது என்பது நம்பிக்கை. ஒவ்வொரு ஆண்டும் படம் இறங்கி ஏறுகிறது. அது நனையாமலிருக்கத்தான் 1674 முதல் இந்த நடை. செலவு ஊராரின் நன்கொடை. 1677-இல் மக்கள் வரிசையாக நின்று, கல்லையும் சுண்ணாம்பையும் கை மாற்றிக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். பாதி ஏற்றத்தில் இவர் தூணைப் பிடித்துக்கொண்டு கட்டுமானத்தை ஆராய்ந்தார். மூச்சு வாங்குவதைத்தான் அப்படிச் சொல்வது. குச்சி ஊன்றிய பாட்டி ஒருத்தி எங்களைத் தாண்டிப் போனார்.

உச்சியில் உட்கார்ந்தபோது ஒன்று தோன்றியது. பாஸ்தாவுக்கு மில்லிமீட்டர் எழுதிவைத்த ஊர் கஞ்சத்தனமாக இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். இவர்கள் அளவை எழுதியது குறைத்துக் கொடுக்க அல்ல, குறைக்க முடியாமல் செய்ய. செங்கல் அளவு சுவரில் இருந்ததால் ஏழையும் கேள்வி கேட்டான். போர்ட்டிகோ சட்டத்தில் இருந்ததால் மழையில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லாமல் நடக்கிறார்கள். தங்க நாடா விளையாட்டுக்குச் செய்தது என்றாலும், பழக்கம் பழைய பழக்கம்தான்.

போகிறவர்களுக்கு: அக்டோபர் நல்ல மாதம், ஆகஸ்ட் நடுவில் பாதிக் கடை பூட்டியிருக்கும். மதியச் சாப்பாட்டை இரண்டரைக்குள் முடியுங்கள், பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இராச்சாப்பாடு ஏழரைக்கு மேல்தான். காப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. சான் லூக்காவுக்கு மூட்டு வலிக்காரர்கள் சதுக்கத்திலிருந்து கிளம்பும் சுற்றுலா வண்டியில் போகலாம், இறங்கும்போது நடக்கலாம்.

அடுத்து, கிழக்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலான சாதா ரயில் பயணத்தில் ரவென்னா. தாந்தேயைத் துரத்திவிட்ட ஃப்ளாரன்ஸ், அவர் கல்லறை விளக்குக்கு இன்றும் ஆண்டுதோறும் எண்ணெய் அனுப்பிக்கொண்டிருக்கும் ஊர் அது. அங்கே போய்ப் பேசுவோம்.

(தொடரும்)